பீலி இரண்டு

மூன்று தரம் அலம்பி, நாலாவதாய்ப் பிடித்தேன்.
லேபிள்: மேற்கணக்கு, பீலி இரண்டு.
படிவத்தில் ஒரு கட்டம்,
தண்ணீருக்குச் சொந்தக்காரர் யார் என்று.
தோட்டம் சபையைக் காட்டும்,
சபை தோட்டத்தை.
வெறுமையாய் விட்டேன்.

தூள் போட்டாயிற்று. பத்து நிமிடம்.
குரோமியம் இருந்தால் ஊதா ஏறும்.

"தொங்க லயத்துல மூணு பேருக்குப் புத்து.
அதயும் எழுதுங்க மிஸ்."
பிரட்டுக்கு ஓடிக்கொண்டே தவக்கொடி.
அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன், பென்சிலால்.

ஏழாம் நிமிடம் அவள் மகன்
கோப்பையோடு வந்தான்.
சீனி தூக்கலான தேத்தண்ணி.
அதே பீலி.
"நல்லா கொதிச்சதுதான் மிஸ், பயப்படாதீங்க."

உலோகம் கொதியில் சாகாது.
சொல்லவில்லை.
குப்பிக்கு முதுகைக் காட்டி நின்று
குடித்தேன்,
அடி மண்டி வரை.

கோப்பையை வாங்கி அவன்
பீலியில் கழுவினான்.