உப்பின் அளவு

ஈஸ்டர் வாரத்துக்கு எங்கள் உருகுவேயில்
சுற்றுலா வாரம் என்று பெயர்.
கிறிஸ்துமஸ், குடும்ப தினம்.
நூறாண்டுக்கு முன்பே சட்டம் போட்டுக்
கடவுளை நாட்காட்டியிலிருந்து இறக்கிவிட்டோம்,
முடிந்த தேர்தலின் சுவரொட்டியைக் கிழிப்பதுபோல்.
எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

இயக்குநர் எலிதா கெய்மொனாத்தும்
விடுப்புப் படிவத்தில் சுற்றுலா என்றே எழுதுவார்.
எங்கே என்று ஒருமுறை கேட்டேன்.
பக்கத்தில்தான் என்றார்.
மணிக்கூண்டில்லாத ஒரு கோயில் வாசலில்
வெள்ளிக்கிழமை முழுக்க அவர் கார் நின்றதாம்,
மில்தன் பார்த்திருக்கிறான்.

சான் பெர்னபே குடிநீர் வாரியத்தில்
பதினோரு வருடம் அவருக்குக் கீழே இருந்தேன்.
மேசையில் சிலுவையில்லை, சுவரில் வசனமில்லை.
கூட்டம் தொடங்குமுன்
பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி,
ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பார்.
கடிகாரம் பார்க்கிறார் என்று நினைத்தோம்.
கடிகாரம் அவருக்குப் பின்னால் இருந்தது.

மேசைக் கண்ணாடிக்கடியில் ஒரு நகல்,
பழைய குழாய் ஒப்பந்தம், கீழே அவர் கையெழுத்து.
மட்டமான குழாய்.
தெரிந்தேதான் போட்டிருக்கிறார்.
இதை ஏன் இங்கே வைத்திருக்கிறீர்கள்?
மறந்துவிடுவேன், ஹெபர்.

மில்தனின் மகன் இறந்த இரவு
எல்லோரும் போனோம்.
நாங்கள் பேசிப் பேசித் தீர்த்தோம்.
அவர் அடுக்களையில் நின்றார்.
ஜெபம் செய்தீர்களா என்று
வழியில் கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டேன்.
பாத்திரம் கழுவினேன் என்றார்.

பிறகு அந்தக் கோடை.
ஆறு சுருங்கச் சுருங்கக்
கடல் உள்ளே ஏறி வந்தது.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவையோடு அலையும் ஊர் இது;
மாத்தே உறிஞ்சிய முதல் வாயிலேயே
எல்லா நாக்குக்கும் தெரிந்துவிட்டது.
தாளுக்கு மட்டும் தெரியக்கூடாது.

தலைநகரிலிருந்து தொலைபேசி.
நல்ல குரல், படித்த குரல்:
எண்ணை மாற்றச் சொல்லவில்லை, அம்மணி.
பொய்யே வேண்டாம்.
மாதிரி எடுக்கும் நேரத்தை மட்டும்,
நீர் வற்றும் வேளைக்கு...
அவர் சொன்னார்:
ஊர் எல்லா வேளையும் குடிக்கிறதே.

போடுங்கள், நாலு நாளில் மழை வரும்
என்று கெஞ்சியவன் நான்.
மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
ஒரு மூச்சு.
மறுபடி கழற்றி, இருந்த எண்ணை இருந்தபடி எழுதினார்.

மழை வந்தது, ஐந்தாம் நாள்.
யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.
இரண்டு நாள் கடைகளில் தள்ளுமுள்ளு,
வாரியத்துக்குப் பாதி நிதி வெட்டு,
அவருக்கு வடக்கே ஒரு ஆவணக் கிடங்கில் நாற்காலி.

உங்கள் கடவுளுக்காக
எங்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்றினீர்கள் என்றேன்.
பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்:
அவர் இதில் கையெழுத்துப் போடவில்லை, ஹெபர்.
நான் போட்டேன்.
கோபமில்லை. களைப்பிருந்தது.
கண்ணாடியைத் தூக்கி
அந்த நகலை எடுத்துக்கொண்டார்.
அது கிடந்த இடம் மட்டும்
மேசையில் வெளுக்காமல் இருக்கிறது.

இப்போது அந்த நாற்காலி என்னுடையது.
இந்தக் கோடையும் ஆறு இறங்குகிறது.
காலையிலேயே அந்த நல்ல குரல் பேசி முடித்துவிட்டது.
மில்தன் காலிப் போத்தல்களோடு வாசலில் நிற்கிறான்:
எத்தனை மணிக்கு எடுக்கட்டும்?

எனக்கு நம்பிக்கை கிடையாது.
அந்த ஒரு மூச்சில் பேச
எனக்கு யாரும் இல்லை.
ஆனாலும் கை
பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டுகிறது.
நேரம் பார்க்க நிமிர்கிறேன்.
கடிகாரம் எனக்குப் பின்னால் இருக்கிறது.