ஐந்தாவது மாடிக்கு ஒரு கதவு

சாக்காவோ நீரிணையைக் கடக்க
அரை மணி நேரம். காற்று மோதினால் கூடக் கொஞ்சம்.
அன்று காற்று மோதியது.

லாரிகளுக்கும் ஒரு ரொட்டி வேனுக்கும் நடுவே
கதவொன்றை நிமிர்த்திப் பிடித்தபடி
ஒருவர் நின்றிருந்தார்.
வீடு இல்லை, சுவர் இல்லை, நிலை இல்லை.
கதவு மட்டும்.
நீலச் சாயம் தோலுரிந்து,
பித்தளைப் பிடி கைபட்டுக் கைபட்டு மெலிந்து.

"அந்தப் பக்கம் கொஞ்சம் தாங்குகிறீர்களா?"
யாரிடம் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.
எனக்குப் பின்னால் கடல்தான் இருந்தது.

தாங்கினேன்.

எங்கள் தீவில் வீட்டையே இழுத்துப் போவோம்,
உருளைக் கட்டைமேல் ஏற்றி, எருதுகள் பூட்டி,
ஊரே கயிறு பிடித்து,
நீர் ஏறும் நேரம் பார்த்து மிதக்கவிட்டு.
கதவை மட்டும் கொண்டுபோகும் மனிதரை
நாற்பத்து நான்கு வயதில் அன்றுதான் கண்டேன்.

மகள் வீட்டோடு இருக்கப் போகிறாராம்,
புவேர்த்தோ மோன்த்தில், ஐந்தாவது மாடி.
"அங்கே கதவு இல்லையா?"
"இருக்கிறது. இரும்பு."

என் பக்கத்து விளிம்பில் பென்சில் கோடுகள்.
நெல்டா, ஏழு. நெல்டா, எட்டரை.
ஓர்லாந்தோ, பெருமழை வருடம்.
முழங்கால் உயரத்தில் பெயரில்லாத ஒரு கோடு.
எனக்குத் தொண்டை அடைத்தது.
கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன்.
"அது நாய்" என்றார்.
"நிற்கவே மாட்டான். மூன்று பேர் பிடித்துக்கொண்டோம்."

கட்டி முடியாத பாலத்தின் தூண்கள் தெரிந்தபோது
காற்று கதவைப் பாயாக்கிக்கொண்டது.
அவர் வெளிப்பக்கம், நான் உட்பக்கம்,
தோளைக் கொடுத்து நின்றோம்.
முகம் தெரியவில்லை. எடை தெரிந்தது.
அவர் மூச்சு வாங்கினால் என்மேல் சாயும்,
நான் வாங்கினால் அவர்மேல்.
சாவித் துவாரத்தில் காற்று விசிலடித்தது.

நான் ஜெபித்துப் பதினொரு வருடம்.
ஆணியில்லாமல் கட்டிய எங்கள் ஊர் மரக் கோயிலுக்குள்
அம்மாவின் பெட்டியோடு போனதுதான் கடைசி.
கோபமெல்லாம் இல்லை.
போகிற வழியில் அது இல்லை, அவ்வளவுதான்.

ரொட்டி வேனிலிருந்து ஒரு பையன் இறங்கினான்,
உதட்டோரம் சர்க்கரை.
வந்து கதவைத் தட்டினான்.
இரண்டு தட்டு.

"உள்ளே வா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை,
இருமல் போல வந்துவிட்டது.

பையன் காத்திருந்தான்.
அந்தப் பக்கம் அவர் பிடியைத் திருகினார்.
தாழ் நாக்கு உள்வாங்கி வெளிவந்தது.
எதுவும் திறக்கவில்லை, திறக்க என்ன இருக்கிறது.
பையன் கதவைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து
எண்ணெய் வழுக்கும் இரும்புத் தளத்தில்
செருப்பை நன்றாகத் துடைத்துக்கொண்டான்.
"கால் ஈரம்" என்றான், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

எதற்குள் அழைத்தேன் அவனை?
எனக்குப் பின்னால் அதே கடல், அதே மழை,
சங்கிலிமேல் ஒரு நீர்க்காகம்.
அதுவரை யாரும் அதை உள்ளே என்று சொன்னதில்லை.

பார்குவாவில் சாய்தளம் இறங்கியது.
மருமகன் வண்டியோடு நின்றிருந்தான்,
யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தபடி.
கதவைப் படுக்க வைத்துக் கட்டினார்கள்.
பெயர் கேட்க மறந்தேன். அவரும் கேட்கவில்லை.
"நல்ல கனம்" என்று மட்டும் சொன்னார்,
கதவைப் பற்றித்தான் இருக்கும்.

நான் போன வேலை முடிந்தது:
பல் மருத்துவர், பிடுங்கல், ரசீது.

இப்போது சால்மன் ஆலையில், இரவு ஷிஃப்டில்,
குளிரறைக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன்.
மேற்பார்வைக்கு நிற்கிற இவோன் கேட்கிறாள்,
உள்ளே யார் இருக்கிறார்கள் என்று.
மீன், என்கிறேன்.
தட்டிய பிறகு கொஞ்சம் நிற்பேன்,
காலைத் துடைத்துக்கொள்ள.