குளிர்ப்பெட்டி வாடகை

வீரவநல்லூரிலிருந்து போன்.
ஆறடி ஆள், பெரிய பெட்டியாக் கொண்டாங்க என்றார்கள்.
துணியை விலக்கினால்
கோமதிநாயகம்.

ஏழாம் வகுப்பில் என்னை
அறிவியல் அலமாரிக்குள் தள்ளிப் பூட்டுவான்.
வெளியே நின்று தட்டிக் கேட்பான்:
"ஏல பல்லி, உள்ள சொகமா இருக்கா?"
திறந்துவிட நாலணா.
எலும்புக்கூட்டுப் படமும் நானும்
பீரியடு முடியுமட்டும்
முகத்தோடு முகம்.

இப்போது மூடியைச் சாத்துகிறேன்,
கால் பெருவிரல் இடிக்கிறது.
முழங்காலை மடக்கி அமுக்கினேன்,
தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.
யாரும் பார்க்காத நேரம் கண்ணாடியைத் தட்டினேன்.
கம்ப்ரெசர் மட்டும் உறுமியது.

வாடகை மூவாயிரத்து ஐந்நூறு என்றதும்
அவன் பெண்சாதி மூக்கைச் சிந்திவிட்டு
"நீங்கதான பல்லி அண்ணாச்சி?" என்றாள்.
"ஒங்களச் சொல்லாத நாளில்ல.
நான் செத்தா அவன்ட்டயே பெட்டி எடு,
எம்பேரச் சொன்னாப் பாதித் துட்டுதான்
வாங்குவான்னு..."

வளவே திரும்பிப் பார்த்தது.
பாதியை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன்.
கண்ணாடிக்குள் அதே அரைச்சிரிப்பு,
மூக்கில் பஞ்சோடு.

ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போகுமாம்,
தெருவில் யாரோ சொன்னார்கள்.
வண்டியில் ஜெனரேட்டர் இருக்கிறது.
இருக்கிறதென்று
இன்னும் நான் சொல்லவில்லை.