நாலே முக்கால்

அலாரம் அடிப்பதற்குள் கை போய் அணைத்துவிடுகிறது.
சுகிர்தா புரண்டு படுக்கிறாள்.
அடுப்பங்கரையில் குடங்களுக்கும் சிலிண்டருக்கும் நடுவே
ஓர் ஆள் முழங்காலிட இடமுண்டு, அவ்வளவுதான்.
கோணியை மடித்துப் போடுகிறேன்.
இடது முட்டிக்கு இன்னொரு மடிப்பு.

சத்துவாச்சாரி மலை
நேற்றைய வெயிலை இன்னும் விடவில்லை.
சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி.
ஹைவேயில் பெங்களூர் லாரி ஒன்று
ஏர் ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறது.
பரிசுத்தமுள்ள பிதாவே, என்கிறேன்.
இருபத்திரண்டு வருஷமாக அதே இரண்டு சொல்.
வேறு மாதிரி தொடங்கத் தெரியவில்லை எனக்கு.

பிறகு பெயர்கள்.
ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவனுக்கு
ஒரு நாளைக்கு நாற்பது முகம்.
எக்ஸ்ரே உறையின் முதுகில் பென்சிலால் குறித்து வைப்பேன்:
ரேணுபாலா, மால்டா, வயிறு.
நிதாய் மொண்டல், தலை, இரண்டாம் தடவை.
டுக்டுகி, ஏழு வயது, இரத்தம்.
லிப்டுக்குள் கண் மிரளும்போது
"பொய் நேய்" என்பேன்.
அவர்கள் பாஷையில் அதற்குப் பயமில்லை என்று அர்த்தம்.
என் காதில் மட்டும் முதல் சொல்
ஒவ்வொரு தடவையும் தமிழாகவே விழும்.
கட்டில் இரண்டாம் மாடிக்குப் போகும்வரை
அதையே யோசித்துக்கொண்டு நிற்பேன்.

காட்பாடியில் ஹவுரா வண்டி ஏறிப் போய்விடுவார்கள்.
பிழைத்தார்களா என்று
யார் திரும்பி வந்து சொல்லப் போகிறார்கள்?
உறையில் இடம் தீர்ந்ததும்
அடுத்த உறை எடுப்பேன்.
பழைய பெயர்களை அழிப்பதில்லை. அழிக்க எனக்கு என்ன தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை தூங்கிவிட்டேன்.
விழித்தபோது ஆறு பத்து.
முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.
சரி, இன்றைக்கு ஏதாவது நடக்கும் என்றிருந்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை, ஆண்டவரே.
லிப்ட் நிற்கவில்லை. சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்தார்.
நான்கு நாளாகச் சாப்பிடாத டுக்டுகி
அரை இட்லி தின்றுவிட்டு
என் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

அதுதான் உறுத்தியது.
கெட்டது நடந்திருந்தால்
தண்டனை என்று சொல்லி நிம்மதியாக இருந்திருப்பேன்.
என் பென்சில் இல்லாமலே எல்லாரையும் நீர் பார்த்துக்கொண்டீர்.
பின்னே நான் எதற்கு, இந்தக் கோணி எதற்கு?

ராத்திரி பேன் காற்றும் சுட,
படுத்துக்கொண்டு நாளைத் திரும்ப எண்ணினேன்.
பஸ் கிளம்பிய பிறகு
யாரையோ ஸ்டாப்பிங்கில் விட்டுவந்த மாதிரி
காலையிலிருந்தே ஒன்று இருந்தது.
அப்போதுதான் தோன்றியது:
குடங்களுக்கும் சிலிண்டருக்கும் நடுவே
நாலே முக்காலுக்கு நீர் வந்திருப்பீர்.
நின்றுகொண்டா இருந்தீர்?
உட்கார்ந்தால் எனக்கு இடம் இருக்காதே.

இன்றைக்கு வந்துவிட்டேன்.
கண்ணில் பாதி தூக்கம், வாயில் பல்பொடி ருசி.
ரேணுபாலாவைச் சொல்லும்போதே
மாதத் தவணை நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.
அதையும் சொல்லிவிட்டேன்.

கடைசிப் பெயர் உறையில் இல்லை.
தயாளன். என் தம்பி. பக்கத்து வாசல்.
பொதுச்சுவருக்காகக் கோர்ட்டு வரைக்கும் போனவன்,
போனவர்கள்.
அவனை ஆசீர்வதியும் என்று சொல்ல
பதினோரு வருஷமாக வாய் வரவில்லை.
பெயரை மட்டும் சொல்லிவிட்டு
சட்டென்று ஆமென் போட்டுவிடுவேன்.
நேற்று அவன் ரேஷன் மூட்டையோடு
படியில் நின்று நின்று ஏறினான்.
இடது கால்.
எங்கள் அப்பாவுக்கும் அதே கால்தான்.

தயாளன், என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
முட்டி, என்றேன்.

அதற்குள் குழாயில் காற்று சீறியது.
எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர்,
முக்கால் மணி நேரம்தான் வரும்.
ஆமென் சொல்லாமலே எழுந்து
முதல் குடத்தை இழுக்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கமும்
ஒரு குடம் இழுபடுகிற சத்தம்.
மீதியை
இது நிரம்புவதற்குள் சொல்லி முடிக்கிறேன்.
கொஞ்சம் இரும்.