இடப்பக்கம் முப்பது

சோபாவுக்கு மேல் நூற்றறுபது சென்டிமீட்டர் சுவர்.
ரெய்யோ இருமுறை அளந்தான்,
பென்சிலை வாயில் கவ்வியபடி.
ஊலுவில் நவம்பர். மூன்று மணிக்கே
ஜன்னல் கறுப்புக் கண்ணாடியாகி
எங்களையே எங்களுக்குக் காட்டியது.
பார்த்துச் சலித்துத்தான்
ஒரு வயல் வாங்க முடிவெடுத்தோம்.

புகழ்பெற்ற வயல்.
நாள்காட்டியில், பிஸ்கட் டப்பாவில்
எல்லோரும் பார்த்ததுதான்:
அறுவடை முடிந்த தாள்கள், மேகம்,
தூரத்தில் ஊசியாய் ஒரு கோபுரம்.
அசல் வேண்டுமென்றால்
எங்கள் தெருவையே விற்கவேண்டும்.
நகல், அக்ரிலிக், கையால் தீட்டியது,
அனுப்புகூலி உட்பட இருநூற்றுப் பதினான்கு யூரோ.

சியாமெனிலிருந்து கேள்வி வந்தது:
உங்கள் சுவர் ஓவியத்தைவிட நீளம்.
முப்பது சென்டிமீட்டர் இடிக்கிறது.
வானத்தில் கொஞ்சம் வெட்டவா,
இல்லை இடமோ வலமோ நீட்டித் தரவா?
நீட்டுவதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை.

ரெய்யோ கரண்டியைக் கீழே வைத்தான்.
அந்த மனுஷன் அங்கேதான் நிறுத்தினான்,
நிறுத்தியதற்குக் காரணம் இருக்கும் என்றான்.
சட்டத்துக்கு வெளியே என்ன இருந்ததோ,
சாணிக்குவியலோ,
கடன் கொடுத்தவன் நின்றுகொண்டிருந்தானோ!

எனக்கு அது பெரிய பாவமாகப் படவில்லை.
என் வேலையே அதுதான்.
பல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம்:
இல்லாத பல்லை
இருக்கும் பற்களிடம் விசாரித்துச் செய்கிறேன்.
வெள்ளையில் மட்டும் பதினாறு வெள்ளை.
ரொம்பச் சுத்தமாகச் செய்தால்
பொய் பல்லிளித்துவிடும்.
ஓரத்தில் ஒரு காப்பிக் கறை,
மயிரிழையாய் ஒரு கீறல் வைத்தால்தான்
வாய் அதைச் சேர்த்துக்கொள்ளும்.

இடப்பக்கம் என்று எழுதி அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து
குழாய்க்குள் சுருண்டு வந்தது,
புது ஷவர் திரையின் வாசனையோடு.
விரித்து மூலைக்கு ஒன்றாக
பூட்ஸ் இரண்டு, ஓர் அகராதி, உப்பு ஜாடி வைத்தோம்.
வயல் வந்திருந்தது. மேகம், கோபுரம்.
அதற்கும் அப்பால் அந்த முப்பதில்
ஒரு வண்டித்தடம் சரிந்து இறங்கி
குட்டையில் முடிந்தது.
குட்டையில் ஒரு பச்சை.
அப்படியொரு பச்சை படத்தில் வேறெங்கும் இல்லை.
தீட்டியவர் பெயரை ரசீதில் தேடினேன்.
'சரிபார்த்தவர்: 7' என்று மட்டும் இருந்தது.

நாத்தனார் ஹில்லெவி வந்தாள்.
எங்கள் குடும்பத்தில்
அசலின் முன்னால் நின்றவள் அவள் ஒருத்திதான்.
காப்பிக் கோப்பையோடு நேரே இடப்பக்கம் போய்,
"இந்தக் குட்டை! இதைப் பார்த்துத்தான்
அன்றைக்கு அழுதுவிட்டேன்" என்றாள்.
ரெய்யோ என்னைப் பார்த்தான்.
நான் அவளுக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தேன்.

போன கோடையில் நாங்களும் போனோம்.
வரிசை, நுழைவுச்சீட்டு, பெரிய தங்கச் சட்டம்.
நிஜமாகவே அழகு.
தாள்களின் மேல் கிடந்த அந்த வெளிச்சம்
எங்கள் வீட்டில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் என் கண்
பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு போவதுபோல்
திரும்பத் திரும்ப இடப்பக்கம் போய்
வெறும் சுவரைத் தடவியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றார் காவலர்.
சட்டத்தின் ஓரத்தில்
தலையை நுழைக்காத குறையாக
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது நான் இல்லை,
ரெய்யோ.