கையில் ஒரு புதன்கிழமை

லண்டன் கண்காட்சி வியாழனன்று.
செவ்வாய் ராத்திரி போய் இறங்குகிறோம்.
நடுவில் ஒரு புதன்கிழமை
எவர் பெயரிலும் எழுதாத
புறம்போக்காய்க் கிடக்கிறது.

முதலாளி தூங்கப்போகிறாராம்.
நான் பிரிக்ஸ் குறிக்கும் தாளைத் திருப்பிப்போட்டு
பின்பக்கம் எழுதினேன்:
கேம்பிரிட்ஜ். போய்வர ஒரே நாள்.

ரயில் ஐம்பது நிமிஷம்.
கிருஷ்ணகிரியில் ஏறி ஓசூரில் இறங்குகிற நேரம்,
சூளகிரியில் டீக்கு நிறுத்தாவிட்டால்.
ஒன்பதரைக்குமேல் ஏறினால் டிக்கெட் மலிவு.
சோறு: இங்கிருந்தே கட்டிக்கொண்டு போவது, புளிசாதம் தாங்கும்.
குடை: கண்டிப்பாக.
பெரிய தேவாலயம்: கட்டணம் உண்டு,
கூரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளுமாம்.
கல்லூரிப் புல்தரை: மிதிக்கக்கூடாது.
அங்கே வாத்தியார்கள் மட்டும் மிதிக்கலாமாம்.
இதை இரண்டுமுறை அடிக்கோடிட்டேன்;
நடக்கும்போது கீழே பார்க்கிற பழக்கம் எனக்கில்லை.

பாய்லர் திம்மராயன் எட்டிப் பார்த்தார்.
"அங்க என்ன இருக்குது?"
எண்ணூறு வருஷத்துப் படிப்பு, கட்டடம் என்றேன்.
"நம்ம மலைக்கோட்டைமேல ஏறியிருக்கியா?"
இல்லை.
"அதான் கேட்டேன்"
நீராவியைத் திறக்கப் போய்விட்டார்.

கோல் ஊன்றித் தள்ளும் படகு உண்டு.
வாடகையை ரூபாயாக்கிப் பார்த்தேன்.
அந்தக் காசுக்கு ஒகேனக்கல்லில்
குடும்பமே பரிசல் ஏறி
மீன் வறுவலும் தின்று வரலாம்.
அடித்துவிட்டேன்.
பாலத்தில் நின்று பார்ப்பது: இலவசம்.

ஒரு கல்லூரி வாசலில் ஆப்பிள் மரமாம்,
புவியீர்ப்பைக் காட்டிக்கொடுத்த மரத்தின் ஒட்டு.
சந்தூரில் மாங்கன்று விற்கும் சின்ன மாமியாருக்குப்
போன் போட்டுச் சொன்னேன்.
"எந்த வேர்மேல ஒட்டுனாங்களாம்? கேட்டுட்டு வா."
எழுதிக்கொண்டேன்: வேர்.

கடைசி வரியை மட்டும் பென்சிலில்.
ஊருக்கு வெளியே, எந்தச் சுற்றுலாப் படத்திலும் இல்லாத
ஒரு தொழிற்பேட்டைத் தெரு.
அங்கேதான் ஹெலன் இருக்கிறாள்,
எங்கள் மாங்கூழில் ஐஸ்கிரீம் செய்யும் கம்பெனியின் லேபில்.
மூன்று வருஷமாய் "அன்புள்ள ஐயா" என்றே தொடங்குகிறாள்,
ஒவ்வொரு பதிலையும் மாதேஸ்வரி என்று நான் முடித்தும்.
போன சீசனில் நாற்பது பீப்பாயைத் திருப்பினாள்:
கரும்புள்ளி, இரண்டு.
'இல்லை' என்று இங்கே கையெழுத்திட்டவள் நான்.
எங்கே இருந்தன அந்த இரண்டும்?

உள்ளே போகமாட்டேன்.
கேட்டுக்கு எதிரே நின்று
எங்கள் நீலப் பீப்பாய் ஒன்றாவது
கண்ணில் படுகிறதா என்று பார்ப்பேன்.
இருபது நிமிஷம் ஒதுக்கினேன்.
பிறகு முப்பது.

விசாவுக்குப் பெங்களூரில் விரல் வைத்தபோது
கண்ணாடியில் ரேகை விழவில்லை.
மாம்பால் அரித்த விரல்.
அந்தப் பையன் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னான்,
மூன்றாம் தடவை ஏதோ விழுந்தது.
பதினெட்டு நாளாகிறது.
முதலாளியின் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

வெளியே பெங்களூராக் காய் ஏற்றிய லாரிகள்
மெயின்ரோடு திருப்பம்வரை நிற்கின்றன.
ராத்திரி ஷிப்ட் பெண் வந்து கை நீட்டினாள்.
"அக்கா, அந்தத் தாள். ஃபைலுக்கு."

முன்பக்கம் 15.2, 15.6, 15.4.
பின்பக்கம் குடை, புல்தரை, வேர்.
கொடுத்துவிட்டேன்.
அவள் பஞ்ச் பண்ணிய இரண்டு ஓட்டைகளில் ஒன்று
ரயில் நேரத்தைத் தின்றுவிட்டது.
போகட்டும்,
அது எனக்கு மனப்பாடம்.