அலகு

பகலில் இந்த அறைக்கு எண் பதினான்கு.
ராத்திரியில் வேறு கணக்கு.
மேலூர் அரசு மருத்துவமனைக்கு
இரவுப் பணிக்கு வருகிற ஜெர்மன்காரர்கள்
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

வராந்தாவில் ஒரு குழந்தைக்கு நூற்று மூன்று.
எந்த அலகில் என்று யாரும் கேட்பதில்லை,
நூற்று மூன்று என்றால் பாரன்ஹீட்தான்.
விஷக்காளான் தின்று தாயும் தகப்பனும்
ஒரே நாளில் போய்ச்சேர
பதினைந்து வயதில் அநாதையானவர்
இப்போது ஒரு பச்சைப்பிள்ளையின் அக்குளில்
பாதரசமாய் ஏறிக்கொண்டிருக்கிறார்.

குவாரி ஆட்களின் நெஞ்சை நான் படம் எடுத்துத் தருவேன்.
கல்தூசியா, கிருமியா என்று
மறுநாள் சளிக்கண்ணாடியில் கோக் தீர்ப்புச் சொல்வார்.
சில நாள் இரண்டும் என்பார்.

எர்த் குழியில் எத்தனை ஓம் என்று
மின்வாரிய ஆள் கேட்டுவிட்டுப் போனதிலிருந்து
வாட்ச்மேன் சோலைமலை
அந்தக் குழிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிடுகிறார்.
நானும் திருத்தவில்லை.
ஓம் ஒரு பூட்டுக்காரரின் மகன்.
கொஞ்சம் கிழக்கே, கொஞ்சம் தெற்கே பிறந்திருந்தால்
திண்டுக்கல் சாவிக்கொத்தோடு
எங்கள் பேருந்தில் ஏறியிருப்பார்.

பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது.
திருவாதவூர் சாலைக் கல்பட்டறையில்
பலகைக்கல் சரிந்து இடது கை மாட்டியவளை
ஆட்டோவில் இறக்கியதும் அப்போதுதான்.
பூப்போட்ட துண்டில் கையைச் சுற்றியிருந்தாள்.
ஊர் வெள்ளலூர். பெயர் ஏழைகாத்தாள். வயது
‘நாப்பதோ என்னமோ, நீயே போட்டுக்க.’

ஜெனரேட்டர் இருமியது, நின்றது.
சோலைமலை கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்:
‘டீசல் இல்ல, டீசல் இல்ல.’
ஆமாம், இல்லை.
கப்பலில் ராத்திரிச் சாப்பாடு முடித்து
காலையில் எழுப்பச் சொல்லிவிட்டுப் படுக்கப் போன மனுஷன்
விடிந்து பார்த்தால் அறையில் இல்லை.
பல நாள் கழித்துக் கடலில் கிடைத்தார்.
மேலூரில் பங்க் நாற்சந்தி தாண்டி.
இருபது நிமிடமாகும்.

இருட்டில் அவளும் நானும்.
‘எலும்பு தெரியுமாமே, நெசமா?’
‘தெரியும்.’
‘யாரு கண்டுபிடிச்சா?’
ரான்ட்ஜென் என்றேன். அவள் வாயில் அது நிற்கவில்லை.
பொண்டாட்டி கையைத்தான் முதலில் எடுத்தார் என்றேன்.
கால் மணி நேரம் அசையாமல் வைத்திருந்தாளாம்,
விரலில் மோதிரத்தோடு.
தட்டைக் கழுவிக் காட்டியதும்
என் சாவைப் பார்த்துவிட்டேன் என்றாளாம்.

ஏழைகாத்தாள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
வலிக்கிறதா என்று கேட்கப்போனேன்.
‘அவ பேரு என்ன?’

மதுரையில் இரண்டு வருடம் படித்தேன்.
குழாயைச் சொன்னார்கள், தட்டைச் சொன்னார்கள்,
தேதியை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்.
கையைக் காட்டாத வகுப்பில்லை.
கைக்காரியின் பெயர்
எந்தக் கேள்வித்தாளிலும் வந்ததில்லை.
போனில் தேடினேன்.
ஒரே ஒரு கோடு சிக்னல்.
இந்த அலைகளால் ஒரு பயனுமில்லை என்று சொன்ன ஹெர்ட்ஸ்
தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து தந்தார்:
அன்னா பெர்த்தா.
‘அன்னம்மா’ என்று பிடித்துக்கொண்டாள்,
நம்ம தெருக்காரியைப் போல.

டீசலுக்கு முன்னால் கரண்டே வந்துவிட்டது.
நகை எதுவும் இருக்கக்கூடாது, விதி.
வீங்கிய விரலில் கவரிங் மோதிரம்.
சோப்புக்கும் வரவில்லை, தேங்காய் எண்ணெய்க்கும் வரவில்லை.
இருக்கட்டும் என்றேன்.
மூச்சைப் பிடிங்க என்றேன், பழக்கதோஷம்.
கைக்கு எதற்கு மூச்சு? அவளும் பிடித்தாள்.

நடுவிரல் தூள். இரண்டு இடத்தில் முறிவு.
பக்கத்து விரலில் ஒரு வெள்ளை வட்டம்
எலும்பைத் தொடாமல் மிதந்தது.

வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.
சாவு என்று சொல்லவில்லை அவள்.
‘இத வச்சுப் பட்டறைக்காரன்ட்ட காசு கேக்கலாமா?’
‘கேக்கலாம்.’
‘அப்ப ரெண்டா குடு.
பேரு மட்டும் பெருசாப் போடு.’